துப்பைப் பறித்துவிட்டுத் துப்பறியும் நாவலை விற்காதீர்கள்

மாதச் சந்தா செலுத்தி நாங்கள் கேட்டுவரும் ஒலிநூல் செயலியின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அகதா கிறிஸ்டி எழுதிய, ஹெர்க்யூல் பாய்ரோ என்ற துப்பறிவாளர் வரும் நாவல் வரிசையில் நீங்கள் விற்கும் ஒலிநூல்களில் சில சுருக்கப்பதிப்புகள் என்பதும், அந்த விவரம் அட்டைப் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் மட்டுமே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. என் புகாருக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய பதிலும் அதைத்தான் சொல்கிறது: அட்டையிலேயே குறிப்பிட்டிருப்பதால் பணத்தைத் திருப்பித் தர இயலாதாம். அந்தப் பதிலை எனக்கு வாசித்துக் காட்டியது திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும், என் கைபேசியில் உள்ள திரைவாசிப்பான். நீங்கள் சொல்லும் அட்டையை அதனால் வாசிக்க முடியாது. அட்டையின் மேல் விரலை வைத்தால் "படம்" என்ற ஒரு சொல்தான் ஒலிக்கிறது.

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருக்கப்பதிப்பு என்றால் சுருக்கப்பதிப்பு என்று, வாங்குவதற்கு முன்பே, திரைவாசிப்பான் வாசிக்கக்கூடிய எழுத்தில் தெரிவியுங்கள். அந்த நாவலின் முழுப்பதிப்பையும் கிடைக்கச் செய்யுங்கள்.

பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கண் நீர் அழுத்த நோயால் பார்வை போன பிறகு என்னிடமிருந்து விலகிப்போயிருந்த வாசிப்பைத் திருப்பிக் கொடுத்தவை இந்த ஒலிநூல்கள்தாம். குறிப்பாக ஹியூ ஃப்ரேசர் வாசித்தவை. 1989இல் தொடங்கிய பாய்ரோ தொலைக்காட்சித் தொடரில் பாய்ரோவின் நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸாக நடித்தவர் அவர். ஹேஸ்டிங்ஸே கதை சொல்வதாக அமைந்த நாவல்களை அவர் வாசிக்கக் கேட்கும்போது, நண்பரின் சாமர்த்தியத்தைக் கண்டு பாதி வியப்பும் பாதி எரிச்சலுமாக ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்வது போலவே இருக்கும். பாய்ரோவின் பெல்ஜிய உச்சரிப்பு ஒரு விதம், லண்டன் காவல்துறையான ஸ்காட்லாந்து யார்டின் அதிகாரி ஜாப்பின் பேச்சு வேறு விதம். பேசுவது யார் என்று பெயர் சொல்லாமலே தெரிந்துவிடும். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இன்னொன்று. துப்பு ஒளிந்திருக்கும் வரியை அவர் அழுத்திச் சொல்வதே இல்லை. வானிலையைப் பற்றிய வரியை எப்படிச் சொல்வாரோ அப்படியே அதையும் சொல்லிக் கடந்துபோவார். பிடித்துக்கொள்ள வேண்டியது கேட்பவரின் வேலை. பார்வையை இழந்த பிறகு இந்த அளவுக்கு என் மூளைக்கு மரியாதை கொடுத்த பொழுதுபோக்கு வேறு எதுவும் இல்லை.

உங்களிடம் கடைசியாக வாங்கியது வேறொருவர் வாசித்த ஒலிநூல். நாவலின் பெயரைச் சொன்னால் இன்னும் கேட்காதவர்களுக்குக் கதை கெட்டுவிடும் என்பதால் தவிர்க்கிறேன். அனைவரையும் ஓர் அறையில் கூட்டி வைத்துப் பாய்ரோ விளக்கும் கடைசிப் பகுதியில், ஒரு கடிதத்தை ஆதாரமாகக் காட்டிப் பேசுகிறார். அப்படி ஒரு கடிதம் வந்ததாக நான் கேட்டிருக்கவே இல்லை. நடுவே தூங்கிவிட்டோமோ என்று நினைத்து, பின்செல்லும் பொத்தானைத் தேடித் தேடி அழுத்தி, முப்பது முப்பது விநாடியாகப் பின்னுக்குப் போனேன். அதிகாரத் தலைப்புகளும் வெட்டப்பட்டிருந்ததால் எங்கே தேடுவது என்றும் விளங்கவில்லை. கடிதம் எங்கும் இல்லை. என் வயதில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன பயம் வரும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். கண்தான் போயிற்று, இப்போது நினைவும் போகத் தொடங்கிவிட்டதோ என்ற பயம் வரும். எனக்கு வந்தது. என் பேத்தி நூலகத்திலிருந்து அச்சுநூலை எடுத்து வந்து எனக்குப் படித்துக் காட்டியபோதுதான், கடிதம் வரும் அதிகாரமே ஒலிநூலில் இல்லை என்று தெரிந்தது. அட்டையின் மூலையில் இருந்த பொடி எழுத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

கால அளவு மூன்று மணி நேரம் என்று போட்டிருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். பாய்ரோ நாவல்களை முழுமையாக வாசிக்கப் பொதுவாக ஆறேழு மணி நேரம் ஆகும் என்று முன்பே அறிந்தவருக்குத்தான் அதில் சந்தேகம் எழும். இந்த வரிசைக்குப் புதிதாக வரும் ஒருவர், இது சிறிய நாவல் போலிருக்கிறது என்றுதான் எண்ணிக்கொள்வார்.

மற்ற நாவல்களைச் சுருக்கினால் சுவை குறையும். துப்பறியும் நாவலைச் சுருக்கினால் அது துப்பறியும் நாவலாகவே இருப்பதில்லை. 1926இல் வெளிவந்த 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலை நடந்த அறையில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி தன் வழக்கமான இடத்தைவிட்டுச் சற்று முன்னே இழுக்கப்பட்டிருந்தது என்ற விவரம் அதில் வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத விவரம். பக்கத்தைக் குறைக்கப் புறப்பட்டவரின் கத்திக்கு முதலில் அகப்படக்கூடியதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் பாய்ரோ தன் அறிவால் கண்டுபிடித்தவராகத் தெரியமாட்டார். குறி சொல்கிறவராகத்தான் தெரிவார்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1930இல் லண்டனில் எழுத்தாளர் செஸ்டர்டனைத் தலைவராகக் கொண்டு துப்பறியும் நாவலாசிரியர்கள் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் சேருகிறவர்கள், முக்கியமான எந்தத் துப்பையும் வாசகரிடமிருந்து மறைக்கமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்டியும் அதன் உறுப்பினர். பிற்காலத்தில் அதன் தலைவராகவும் இருந்தவர். அவர் மறைக்காமல் எழுதிவைத்ததை மறைக்கும் உரிமை சுருக்கியவருக்கும் இல்லை, அதை விற்கும் உங்களுக்கும் இல்லை.

சுருக்கியதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இரண்டு ஒலிநாடாக்களுக்குள் ஒரு நாவலை அடைக்க வேண்டியிருந்தபோது மூன்று மணி நேரத்துக்கு மேல் இடம் இல்லை. ஆனால் அதற்கும் வெகு காலம் முன்பு, 1935இல், முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களையும் மனதில் கொண்டு பிரிட்டனில் பேசும் நூல்கள் தொடங்கப்பட்டபோது, முதன்முதலாக வெளிவந்தவற்றில் ஒன்று இதே 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை'தான் என்பதை நீங்கள் அறிய வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம்தான். கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பி வைக்க வேண்டும், மாற்றி வைக்க வேண்டும். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் வரை ஆகும். அந்தச் சிரமத்திலும் சாரம் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இடத்துக்குப் பஞ்சமே இல்லாத இந்தக் காலத்தில் மூன்று மணி நேரத்து நாடாப்பதிவை அப்படியே எடுத்துப்போட்டு, முழுநாவலின் விலைக்கு விற்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பார்வையற்றவர்களுக்குக் கதையின் போக்கு தெரிந்தால் போதும் என்று யாரோ எங்களுக்காக முடிவு செய்துவிடுகிறார்கள். பாடநூலிலும் இதே நிலை, வங்கிப் படிவத்திலும் இதே நிலை, அரசு இணையதளங்களில் படமாக ஏற்றப்படும் அறிவிப்புகளிலும் இதே நிலை. பார்வையற்றோருக்கு நூல்கள் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காக 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு நூல் முழுமையானதா இல்லையா என்பதை அறிய நான் பேத்தியின் கண்ணைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன்; உங்களிடம் கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. நூலின் பக்கத்தில் ஆசிரியர் பெயர், வாசிப்பவர் பெயர், கால அளவு ஆகியவற்றை எழுத்தில்தான் தருகிறீர்கள். திரைவாசிப்பான் அவற்றைத் தெளிவாக வாசிக்கிறது. அங்கேயே, சுருக்கப்பதிப்பா முழுப்பதிப்பா என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். ஒலிநூலை விற்பனைக்கு அனுப்பும்போதே அந்த விவரத்தையும் சேர்த்து அனுப்பப் பதிப்பகங்களுக்கு வழி இருக்கிறது. அதை நீங்கள் வாங்கி எங்களுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவே. பாய்ரோ வரிசையில் உள்ள 33 நாவல்களில் உங்களிடம் சுருக்கமாக மட்டும் இருப்பவற்றுக்கு முழுப்பதிப்பின் உரிமையைப் பெற முயலுங்கள். உரிமை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுங்கள்; வேறு இடத்தில் தேடிக்கொள்கிறோம். முழுநாவல் என்று நம்பிச் சுருக்கத்தை வாங்கியவர்களுக்குப் பணத்தையோ முழுப்பதிப்பையோ கொடுங்கள்.

இந்த மடலுக்கு மின்னஞ்சலில், படமாக இல்லாமல் எழுத்தாகப் பதில் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருத்தி