டர்ஹாம் போவோர் கேட்ஸ்ஹெட்டிலும் இறங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்கு இங்கிலாந்துக்குச் சுற்றுலா வரும் நம்மவர்கள் டர்ஹாம் பேராலயத்துக்கு அரை நாள் ஒதுக்குகிறார்கள். கேட்ஸ்ஹெட்டில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் ‘ஏஞ்சல் ஆஃப் த நார்த்’ சிற்பத்தையோ காரில் போகிற போக்கில் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பேன். ஏனெனில் இரண்டுக்கும் பின்னால் இருப்பது நிலக்கரி.

வியர் ஆறு வளைந்தோடும் மேட்டில் 1093-இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் கல் வளைவுக் கூரையையும், புனித கத்பர்ட், வரலாற்றாசிரியர் பீட் ஆகியோரின் கல்லறைகளையும் எல்லாக் கையேடுகளும் சொல்லிவிடுகின்றன. அவசரமாக வருவோர் கண்ணில் படாதது, இம்மாவட்டச் சுரங்கங்களில் உயிரிழந்தோருக்காக 1947-இல் அங்கே அமைக்கப்பட்ட மர நினைவுச்சின்னமும் அதனருகே தொங்கும் சுரங்க விளக்கும்தான். 1871-இல் தொடங்கி இன்றும் ஜூலை மாதங்களில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவின்போது, சங்கக் கிளைகளின் புதிய பதாகைகள் பேண்டு வாத்தியத்துடன் இப்பேராலயத்துக்குள் வந்து ஆசி பெறுகின்றன. தொழிற்சங்கக் கொடிக்கு இப்படி வாசல் திறக்கும் ஆலயங்கள் எத்தனை இருக்கும்?

1990-களில் இங்கிருந்த கடைசிச் சுரங்கங்களும் மூடப்பட்டன. 1998-இல் ஆண்டனி கோர்ம்லியின் சிற்பம் எழுந்தது. அது நிற்பதும் ஒரு பழைய சுரங்கத்தின் தொழிலாளர்கள் வேலை முடிந்து கரி போகக் குளித்த கட்டடம் இருந்த இடத்தில்தான். அந்த மண்ணுக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக இருட்டில் உழைத்தவர்களை நினைவூட்டுவது தம் நோக்கங்களுள் ஒன்று என்று கோர்ம்லியே கூறியிருக்கிறார். உயரம் 20 மீட்டர், இறக்கைகளின் அகலம் 54 மீட்டர், எடை ஏறத்தாழ 200 டன். சாலையிலிருந்து பார்த்தால் விமானம் போலத் தோன்றுவது, பாதத்தருகே போய் நின்று அண்ணாந்து பார்த்தால் வேறாகிவிடுகிறது: உடலுக்கு வெளியே புடைத்து ஓடும் எஃகு விலாக்கள், தாமிரம் கலந்திருப்பதால் மேல்பூச்சாகப் படிந்து உள்ளே அரிக்காமல் காக்கும் செந்துரு, சற்றே முன்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள். நிறுவப்படும் முன் உள்ளூரில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது என்பதை இன்று நம்புவது கடினம்.

நியூகாசிலுக்கும் டர்ஹாமுக்கும் இடையே ஓடும் 21-ஆம் எண் பேருந்து சிற்பத்தின் அருகிலேயே நிற்கும். பேராலயத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, விரும்பியதைக் காணிக்கையாகத் தரலாம். தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் லண்டனுக்கு அடுத்தபடியாக இவ்வூர்களுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியூகாசில் வாசகர்