அண்ணனுக்கு, அம்மாவின் முதல் திதிக்கு மறுநாள்

அண்ணே,

நேற்று பந்தி நடக்கும்போது எல்லார் முன்னாலும் கேட்டாயே, "இன்னும் எத்தனை வருசம் படிப்ப?" என்று. அங்கே எனக்கு வாய் எழவில்லை. அதனால் பதிலை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். சேர்வதாக இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். பெங்களூரில் இரண்டு வருடம், நரம்பு உளவியல் பயிற்சி, மூளைக் கோளாறால் ஞாபகமும் புத்தியும் எப்படி மாறுகிறது என்று சோதித்துச் சொல்கிற படிப்பு. உதவித்தொகை உண்டு. இப்போது வாங்குவதில் பாதிதான்.

கட்டாயமா என்றால், இல்லை. அமெரிக்காவில் இந்தத் துறைக்காரர்கள் 1997இல் ஹூஸ்டனில் கூடி, முனைவர் பட்டத்துக்குப் பிறகும் இரண்டு வருட முழுநேரப் பயிற்சி வேண்டும் என்று வகுத்தார்கள். இங்கே எம்.ஃபில் முடித்ததுமே எனக்கு ஆர்.சி.ஐ. பதிவு, அதாவது உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் தருகிற பதிவு, கிடைத்துவிட்டது. நாளைக்கே கூடலூரில் ஒரு அறை பிடித்துப் பலகை மாட்டலாம். நீ சொல்வதும் அதுதான். மூன்று மாதமாக நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விடமாட்டேன் என்கிறது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் அம்மாவை உட்காரவைத்து, மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைத் தாளை விரித்தேன். பேனாவைக் கண்டதும் இடது கட்டைவிரலை நீட்டி, "எங்க வைக்கணும்?" என்றாள். கடிகாரம் வரையச் சொன்னேன், பதினொன்று பத்து. கோடு கோடாக இழுத்தாள். சிங்கத்தைச் சொல்லிவிட்டாள். காண்டாமிருகத்தைக் காட்டுப்பன்னி என்றாள். ஒட்டகத்துக்குச் சும்மா இருந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது என் முகத்தையே பார்த்தாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி. முப்பதுக்கு ஒன்பது. பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வருடத்தைத் தாண்டாதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம் என்பது அந்தத் தேர்வின் விதி. கண்டியில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல், கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தவளுக்கும் அதே ஒன்றுதான். ஆக, பத்து.

நீ வந்து தாளைப் பிடுங்கினாய். "பெத்தவளுக்கே பரீட்சை வைக்கிறியா? பாஸா ஃபெயிலா, சொல்லிட்டுப் போ."

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கொழுந்து மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் "பதினெட்டு" என்றாள். தராசிலும் பதினெட்டு. அப்போது உன் முகம் எப்படி மலர்ந்தது! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "படிக்காததால மார்க் கொறையுதுண்ணே. வயசுதான். பயப்படாத."

சொன்னது நான்தான். ஆனால் நீ அப்படித் தாளைப் பிடுங்கியிராவிட்டால் சொல்லியிருப்பேனா? மன்னித்துக்கொள் என்று எழுத உட்கார்ந்தால் இதுவும் கூடவே வந்து நிற்கிறது. ஏழு மாதம் கழித்து, யானை இறங்குகிற ஓடைப் பக்கம் அம்மாவைத் தேடி விடிவதற்குள் டார்ச்சோடு ஓடினாய். அந்த ஏழு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது. அவளுக்குக் கிடைக்காமலே போனது எது, இருந்து தொலைந்தது எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதிவு எண் கையில் இருந்தும் தெரியவில்லை. 2004இல் வந்த நிம்ஹான்ஸ் (பெங்களூர் மனநல, நரம்பியல் மருத்துவமனை) சோதனைத் தொகுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தனி அளவு உண்டு. அதுவும் அறுபத்தைந்து வயதோடு நின்றுவிடும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கூடலூரில் பலகை மாட்டினால் முதலில் வருவது இன்னொரு அம்மாவாகத்தான் இருக்கும். அவள் கையிலும் அதே தாளைத்தான் கொடுப்பேன். என்னால் முடியாது அண்ணே.

திருப்பூர் லாரி வேலையை நீ விட்டு வந்ததையும், அண்ணி அம்மாவைக் குளிப்பாட்டியதையும் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. சேரம்பாடி வரைக்கும் ஆட்கள் இதைப் படிப்பார்கள். நகை விஷயமும் வேண்டாம், வீட்டுக்குள் பேசிக்கொள்வோம். அண்ணியின் கைகளை மட்டும் நான் மறக்கவில்லை.

ஆனால் ஒன்றை எல்லாரும் படிக்கட்டும். "மக விடிஞ்சப்புறம்தான் வந்தா" என்று ஒரு வருடமாகச் சொல்லிவருகிறாய். அம்மாவின் கடைசி ராத்திரி நீ எனக்கு மைசூருக்குப் போன் செய்தபோது மணி எட்டரை. பந்திப்பூர்க் காட்டு வழியை ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அடைத்துவிடுவார்கள் என்பது லாரி ஓட்டிய உனக்குத் தெரியாதா? குண்டல்பேட்டை தாண்டி, செக்போஸ்ட்டில், முதல் வண்டியாக நின்றிருந்தேன். ராத்திரி முழுக்க.

பெரியம்மா பெயர்களை மாற்றிக் கூப்பிடுகிறாளாம், அண்ணி நேற்று அடுப்படியில் சொன்னாள். இந்த முறை நான் வயசுதான் என்று சொல்லமாட்டேன். சேர்வதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கூடலூர் வந்துவிடு, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, வந்துவிடு.

பாப்பா