கூட்டுக்குக் கிட்டப் போகாமலே நல்ல படம் எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த தூக்கணாங்குருவிப் படம் அழகாகத்தான் இருந்தது. பாதி பின்னிய கூட்டில் ஆண் குருவி தலைகீழாகத் தொங்குகிறது, அலகில் பச்சை நார். ஆனால் இதே வேலையில் இருப்பவன் என்பதால் என் கண் வேறு பக்கம் போனது. கூட்டைச் சுற்றி மறைப்பாக இருக்கவேண்டிய ஓலைகள் எங்கே?

மட்டக்களப்பில் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம், இதுதான் பிழைப்பு. ஓய்வு கிடைத்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு, வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரைப் பக்கம் போய்விடுவேன். ஆகவே குருவியைப் படமெடுக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே நின்று எடுப்பது என்பதுதான் என் பேச்சு.

என் மச்சானின் வயல் இருக்கும் வட்டையில் (வயல்வெளியில்), வாய்க்காலோரத்துப் பனைகளில் இந்தக் குருவிகள் வருடா வருடம் கூடு கட்டும். போன பெரும்போகத்தில், அதாவது மாரிக்கால நெல் விளைச்சலின்போது, யாரோ வந்து, படத்துக்குக் குறுக்கே நின்ற ஓலைகளை வெட்டிவிட்டும், இரண்டொன்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டும் போயிருக்கிறார்கள். போகும்போது கயிற்றை அவிழ்க்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்துக் கூடுகள் எல்லாம் பாதியில் நின்றுவிட்டன. பெண் குருவிக்குப் பிடிக்காமல் விட்டிருக்கும் என்றார் ஒருவர். அப்படியும் நடக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆண் பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். ஆனால் வெட்டுப்பட்ட பக்கத்தில் மட்டும் எல்லாக் கூடும் ஒரே நேரத்தில் பிடிக்காமல் போகுமா? மற்றப் பக்கத்துக் கூடுகளுக்கு நீண்ட குழல் வாசலும் வந்துவிட்டது, குஞ்சும் பொரித்தது. பறவை கூட்டை எளிதில் கைவிடுவது கட்டும்போதும் முட்டையிடும்போதும்தான். குஞ்சு வந்த பிறகென்றால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

சரி, படம் எப்படி எடுப்பது? ஒரு கூட்டைக் கட்டி முடிக்க ஆண் குருவி 500 தடவை வரை நார் எடுக்கப் போய்வரும் என்கிறார்கள். கூட்டுக்குப் பக்கத்திலே போகாமல் அத்தனை படம் எடுக்கலாமே! நெல் ஓரளவு உயர்ந்த பிறகு, விடிந்து வெயில் ஏறுவதற்குள் வரம்போரம் குந்தியிருந்து பாருங்கள். குருவி இலையில் வந்து இருக்கும். ஓரத்தில் அலகால் சின்னதாக ஒரு வெட்டுப் போடும். வெட்டிய இடத்தை இறுக்கிக் கவ்விக்கொண்டு அப்படியே எழும்பிப் பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் சர்ரென்று உரிந்துவரும், சில நேரம் ஒன்றரை இரண்டு அடி நீளத்துக்கு. மஞ்சள் தலை, அதற்குப் பின்னால் காற்றில் நெளியும் பச்சை நார். கூட்டில் தொங்கும் படத்தை விட எனக்கு இதுதான் பெரிது.

நெல் கிடைக்காத இடத்தில் இலுக்குப் புல்லிலும் பனை வடலியிலும் கிழிக்கும். எங்கே கிழித்தாலும் ஓரிடம் பிடித்துவிட்டால் திரும்பத் திரும்ப அங்கேயே வரும். நாம் துரத்தவே தேவையில்லை. வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஷட்டர் வேகத்தை விநாடியில் 2000இல் ஒன்றுக்குக் கீழே இறக்காதீர்கள். ஃபோகஸை அந்த இலை மட்டத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருங்கள். வயல் காவலுக்குப் போட்ட வாடி (குடில்) இருந்தால் இன்னும் நல்லது, உள்ளே இருக்கும் ஆளைக் குருவி கணக்கெடுக்காது. அப்படியே பயந்து பறந்தாலும் அடுத்த வயலில் நார் எடுத்துக்கொள்ளும், அதற்கொரு நட்டமும் இல்லை. கூட்டை விட்டு விரட்டினால் அது போய் இருக்க வேறு கூடு ஏது?

அம்பாறை மாவட்டத்துக் குமண வில்லு என்ற சதுப்பு நீர்நிலையிலும் இதே கதைதான். அது 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். நாரைகள் குச்சி கொண்டுவரும் காலத்தில், பாதையில் நிற்கும் ஜீப்பில் இருந்தபடியே குச்சியோடு பறக்கும் நாரையை எடுக்கலாம். இறங்கி மரத்தடி வரைக்கும் போய்க் கூட்டத்தையே கலைத்துவிட்டால், ஆளில்லாத கூட்டிலிருந்து பக்கத்து நாரை குச்சியை உருவும், காகம் முட்டையைத் தூக்கும். சட்டம் இல்லாமல் இல்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. குமணவிலாவது கேட்க உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எங்கள் வட்டைக்குள் யார் வந்து பார்ப்பது?

ஆகவே தங்களிடம் இரண்டு கேட்கிறேன். கூட்டுப் படம் அனுப்புகிறவரிடம், எவ்வளவு தூரத்தில் நின்றார், ஓலை கிளை எதையாவது வெட்டினாரா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். போடும்போது ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். மாவட்டம் போதும். ஊர்ப் பெயர் வந்தால் அடுத்த சனி, ஞாயிறு அங்கே மோட்டார் சைக்கிள் வரிசையாக நிற்கும். இப்போது சிலர் ட்ரோனும் கொண்டு வருகிறார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முடியாது.

வரும் பெரும்போகத்துக்குப் படுவான்கரைப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு: வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், பயிரை மிதிக்காமல் வரம்பால் நடங்கள். குருவியை எடுக்க இருட்டோடு வரத் தேவையில்லை, நன்றாக விடிந்த பிறகு வந்தாலே போதும். இருட்டில் வட்டைக்குள் யானை நிற்கும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்கார வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.