வாய்க்கால் வறண்டாலும் கொல்லை பூக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கிவிட்டால் தங்கள் நாளிதழின் டெல்டா பக்கங்களில் நாங்கள் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, இருப்பு ஆகியவற்றைப் போடும் அந்தச் சிறிய கட்டத்தைத்தான். முழுக் கொள்ளளவான 120 அடிக்கு இன்னும் எத்தனை அடி குறைகிறது, ஜூன் 12-இல் திறப்பார்களா மாட்டார்களா என்ற கணக்கில்தான் இங்கே டீக்கடைப் பேச்சும் கல்யாண வீட்டுப் பேச்சும் ஓடும். அதில் பிழையேதும் இல்லை, வயிற்றுப்பாடு அப்படி. ஆனால் ஜனவரி 28-இல் அணையை மூடும் வழக்கமான நாளுக்கும் ஜூன் 12-க்கும் இடைப்பட்ட நான்கரை மாதம் காவிரிப் படுகைக்கு ஒன்றுமில்லாத காலம், வெறும் வெயிலும் புழுதியும்தான் என்ற எண்ணம் செய்தியிலும் பேச்சிலும் ஊறிவிட்டது. அது சரியல்ல என்று சொல்லத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தண்ணீர்ப் பஞ்சத்தைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். 2024-இல் ஜூன் 12 கடந்து, ஆனி போய், ஜூலை 28-இல்தான் பாசனத்துக்கு அணை திறந்தது; ஆற்றுப் பாசனத்தை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குக் குறுவை எட்டாக்கனியானது. அப்படிப்பட்ட ஆண்டின் சித்திரையிலும் எங்கள் தெருவின் புங்கமரங்கள் பளபளக்கும் தளிரோடு நின்றன. வேம்பு பூத்துச் சொரிந்தது. குயில் விடியும் முன்பே கூவத் தொடங்கியது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இம்மரங்கள் இந்த வறட்சியைத் தாங்கியே பூத்து வந்திருக்கின்றன. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்ததும் இவற்றைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு, மழை ஒரு துளியும் இல்லாதபோதே தளிரும் பூவும் விடுவது இம்மரங்களின் இயல்பு. ஆழத்தில் இறங்கிய வேர்கள் அடிமண்ணின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. இலை அடர்த்தி குறைந்திருக்கும்போது பூ வெளியே தெரிவதால் தேனீக்கும் வண்டுக்கும் தேடும் வேலை இல்லை. பங்குனி, சித்திரையில் பூக்கும் வேம்பு ஆனி, ஆடியில் பழுக்கிறது. வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் நெடுநாள் தாங்காது; சில வாரங்களுக்குள் ஈரமண்ணைத் தொட்டாக வேண்டும். ஆகவே பழம் விழும் பருவமும் மழை எட்டிப் பார்க்கும் பருவமும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், அதன்பின் ஆண்டு முழுவதும் ரசத்துக்குமாக, மரத்தடியைப் பெருக்கிப் பழைய வேட்டியை விரித்து விடிகாலையில் வேப்பம்பூ சேர்க்கும் பெண்களுக்கு இந்தப் பருவக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேளையில் மரத்தடியில் நின்று அண்ணாந்தால், வெள்ளைப் பூங்கொத்துகளுக்குள் கொம்புத்தேனீயும் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத கொசுத்தேனீயும் எழுப்பும் ரீங்காரம் மரம் முழுவதும் கேட்கும்.

இலுப்பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற பழமொழியைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவை வாயில் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சதைப்பற்றுள்ள, வெளிறிய மஞ்சள் நிறப் பூ; இரவோடு இரவாக உதிர்ந்து, காலையில் மரத்தடி முழுவதும் இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாடையோடு கிடக்கும். பழந்தின்னி வௌவால்கள் இருட்டியதும் வந்து அதன் பூவையும், பின்னர் பழத்தையும் தின்றுவிட்டு விதையை வேறிடத்தில் போட்டுவிட்டுப் போகின்றன. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் எரிந்த காலத்தில் தோப்புத் தோப்பாக நின்ற மரம், இன்று ஒன்றிரண்டாக நிற்கிறது. பனைமரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல முடிவு, அந்தப் பாதுகாப்பை இலுப்பைக்கும் நீட்டித்தால் யாருக்கும் நட்டமில்லை.

இனி வீட்டுக் கொல்லைக்கு வருகிறேன். கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்து, கொஞ்சம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த குண்டுமல்லி பங்குனியில் மொட்டு வைக்கிறது. காகிதப்பூச் செடிக்குத் தண்ணீர் குறையக் குறையத்தான் நிறம் கூடுகிறது. அதிகமாக ஊற்றினால் இலைதான் மிஞ்சும். நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ ஆகியவை வேர் பிடித்துவிட்டால் வெயிலுக்கு அஞ்சுவதில்லை. கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாகிப்போன ஊர்களில் புன்னையும் புங்கமும் ஓரளவு உப்பையும் பொறுத்துக்கொள்ளும். கறிவேப்பிலை மரம் ஒன்று இருந்தால் அதில் முட்டையிட வண்ணத்துப்பூச்சிகள் வரும். இளம்புழு பறவை எச்சத்தைப் போன்ற நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வளர்ந்தபின் இலையின் பச்சைக்கு மாறிவிடும். அதைப் பூச்சி என்று மருந்தடிப்பவர்கள், பிறகு கொல்லையில் வண்ணத்துப்பூச்சியே வருவதில்லை என்று குறைப்படுவது வேடிக்கை. நாலு கொத்து இலை போனால் குழம்புக்குத் தாளிக்க இன்னும் எவ்வளவோ மிச்சமிருக்கும்.

இந்தப் பருவத்தில் கொல்லையில் பார்க்க வேண்டிய காட்சிகளுள் ஒன்று ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூடு. மல்லிகைப் பந்தலின் ஓரத்திலோ, மாதுளையின் தாழ்ந்த கிளை நுனியிலோ, சில வீடுகளில் துணி காயப்போடும் கொடியிலோகூட, சுருக்குப்பை போலத் தொங்கும் அந்தக் கூட்டைப் பெரும்பாலும் பெண் சிட்டே கட்டுகிறது. சிலந்தி நூலைச் சுவரோரத்திலிருந்து அலகால் இழுத்து வந்து, முதலில் கிளையில் சுற்றுகிறது. பின்பு நாரும் பஞ்சும் சருகுத் துணுக்கும் மரப்பட்டைத் தூளும் ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. வாசலுக்கு மேல் மழைக்கும் வெயிலுக்குமாக ஒரு சிறு தாழ்வாரம்கூட இறக்கிவிடுகிறது. வெளியே பார்ப்பவருக்கு அது காற்றில் சிக்கிய குப்பையாகத்தான் தெரியும். சித்திரைக்கு முன் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்யும்போது கூடும் சேர்ந்து போய்விடுவது அதனால்தான். ஆண் சிட்டு பக்கத்து வாழைப்பூவின் மடல் விரியும் நேரம் பார்த்துத் தேன் குடித்துக்கொண்டிருக்கும்.

முருங்கையில் பட்டுப்போன கிளை இருந்தால் அதை உடனே வெட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உச்சி வெயிலில் ஊரே அடங்கிய பிறகும் ‘டொக், டொக்’ என்று ஒரே தாளத்தில் கேட்கும் குரலுக்குரிய குக்குறுவான், அத்தகைய மென்மையான பட்ட கிளையின் அடிப்பக்கத்தில்தான் வட்டமாகத் துளையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குரலை எல்லோரும் கேட்டிருப்போம். சிவந்த நெற்றியும் மார்பில் சிவப்புப் பட்டையும் கொண்ட பச்சைப் பறவையைப் பார்த்தவர்கள் குறைவு. மேலே காக்கைக் கூட்டில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. காக்கை முட்டையிடும் காலமும் இதுவேயாதலால், புள்ளிகள் நிறைந்த பெண் குயில் அங்கே தன் முட்டையையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. வைகாசியில் தன் அளவுக்கு வளர்ந்த குயில் குஞ்சின் வாயில் காக்கை இரை ஊட்டுவதை எந்த வேப்பமரத்திலும் காணலாம்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் பூவும் குருவியும் பற்றி எழுதுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் நானும் இருக்கிறேன். ஆனால் நான் சொல்லும் தோட்டத்திற்குத் தனியாக நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. அரிசி களைந்த நீரும், காய் கழுவிய நீரும், சோப்பு அதிகம் கலக்காத அலசல் நீரும் ஒரு வாழைக்கும் ஒரு மல்லிகைக்கும் போதும். செடியைச் சுற்றித் தேங்காய் உரிமட்டையை அடுக்கி, அதன்மேல் சருகையோ வைக்கோலையோ பரப்பி, வெயில் தாழ்ந்தபின் ஊற்றினால் ஈரம் மறுநாளும் நிற்கும். நம் பாட்டிகள் செய்ததும் இதுவே. சொட்டுநீர்க் குழாய் வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர் அதனினும் குறைவு. இங்கே பல வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்காமல் இலையில் உட்கார்வதில்லை. சோற்றின் பக்கத்தில் ஒரு மண்சட்டியும் வைக்கலாம். இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் நீர் வேண்டாம். தேனீயும் குளவியும் விழுந்து மூழ்காமல் நின்று குடிக்க, நீருக்கு வெளியே தலை தெரியும்படி ஒரு கருங்கல்லை நடுவில் போட வேண்டும். பூனை பதுங்க வசதியான புதரை ஒட்டி வைக்கக் கூடாது. கோடை வெப்பத்தில் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும் என்பதால் தினமும் காலையில் நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சட்டியைத் தேய்த்துப் புதிதாக வைத்தால் சுகாதாரத் துறையினருக்கும் நம்மீது வருத்தம் வராது. கிணற்றடியில் துவைகல்லைச் சுற்றி ஈரம் ஊறிய மண் இருந்தால் அதுவும் வீணில்லை. மண்ணிலுள்ள உப்புச்சத்தை உறிஞ்ச வண்ணத்துப்பூச்சிகள் அங்கே இறக்கையை மடித்துக் கூட்டமாக உட்காரும். கொல்லை முழுவதையும் சிமெண்டும் பேவர் பிளாக்கும் போட்டு மூடிய வீடுகளில் இந்தக் காட்சி கிடைக்காது, வெக்கைதான் மிச்சம்.

வயல்வெளியையும் வெற்றிடமாக நினைக்க வேண்டாம். நெல் அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் அறுவடையாகி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலத்தில்தான் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வரும் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். ஆடுகளின் காலடியில் தத்திக் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க உண்ணிக்கொக்குகள் கூடவே நடக்கின்றன. மற்ற மாதங்களில் வெள்ளையாக இருக்கும் அவற்றின் தலையும் கழுத்தும் இந்தப் பருவத்தில் பொன்னிறமாகிவிடும். வேறு பறவையோ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மங்கலான பழுப்புப் பறவை, இரையைக் கண்டு பறந்ததும் இறக்கை முழுவதும் நீலமாக விரிந்தால் அது பனங்காடை. மேட்டூர்த் தண்ணீரை நம்பிய வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள் கோடையில் வற்றிவிடும். இரண்டுமே 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வற்றுவதற்கு முன், எஞ்சிய குட்டையில் மீன்கள் நெருங்கிக் கிடக்கும் சில வாரங்களில் கொக்கும் நாரையும் ஓரிடத்தில் திரள்வதைப் பார்க்கலாம். பசுமையே வேண்டும் என்பவர்கள் கோடியக்கரைக்குப் போகட்டும். 1967-இல் சரணாலயமான அந்தக் காடு, வறண்ட நிலத்திலும் இலை உதிர்க்காத வகையைச் சேர்ந்தது. தடித்த இலைகளோடு நிற்கும் உலக்கைப் பாலை மரங்கள் கோடையில்தான் பழுக்கின்றன. வெளிமான்களைக் காண விடியலில் போவது நல்லது.

இவற்றை முன்னிட்டு இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது தங்களுக்கு. மேட்டூர் நீர்மட்டத்தைப் போடும் பக்கத்திலேயே, வாரத்தில் ஒருநாளாவது, எந்த ஊரில் எது பூத்தது, எந்தப் பறவை கூடு கட்டியது, சரக்கொன்றை இந்த ஆண்டு எப்போது பூத்தது என்பது போன்ற வாசகர் குறிப்புகளுக்கு நான்கு வரி ஒதுக்குங்கள். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளே எழுதி அனுப்புவார்கள். ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தால், பூக்கும் காலம் முந்துகிறதா பிந்துகிறதா என்று பார்ப்பதற்கு இந்தப் பகுதிக்கென்று ஒரு பதிவேடும் கிடைக்கும்.

இரண்டாவது ஊராட்சிகளுக்கும் நீர்வளத் துறைக்கும். தண்ணீர் வருவதற்குள் தூர்வாரி முடிக்க வேண்டிய அவசரம் புரிகிறது; கடைமடைக்குத் தண்ணீர் போக அது வேண்டும். ஆனால் பொக்லைன் எந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று வாய்க்கால் கரையிலுள்ள புங்கையும் நாவலையும் சாய்ப்பதும், கரையைச் சுத்தம் செய்வதாகச் சருகுக்குத் தீ வைப்பதும் சில இடங்களில் நடக்கின்றன. கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை வரை சாய்த்துப்போன மரங்களுக்குப் பதிலாக நட்டவை இப்போதுதான் நிழல் விடத் தொடங்கியிருக்கின்றன. எந்திரத்தை மரமில்லாத கரையின் பக்கமிருந்து இயக்கச் சொல்லலாம். கிளை வெட்டியே ஆக வேண்டுமென்றால், கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்தக் கிளையை மட்டும் விட்டுவைக்கலாம். வாரிய சருகை எரிக்காமல் கரை மரங்களின் அடியிலேயே கொட்டிவிடுமாறு வேலையாட்களிடம் சொல்ல ஒப்பந்தக்காரருக்குத் தனிச் செலவு ஏதும் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.