நாகை ரயில்வே பட்டறை எச்சங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்தில் இயங்கிப் பின்னர் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரயில்வே பட்டறையின் எச்சங்களைப் பதிவு செய்வதே இவ்வாண்டு நம் சங்கம் மேற்கொண்ட முதன்மையான பணியாகும். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861-இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வரையிலும், மறு ஆண்டு திருச்சிராப்பள்ளி வரையிலும் ரயில் விட்டது. 1874-இல் அக்கம்பெனி கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. இன்றைய பொன்மலைப் பணிமனை தன் தொடக்கமாகக் குறிப்பிடும் 1897, அது நாகையில் அமைந்த ஆண்டாகும்.

களத்தில் கிடைத்தவை குறைவு. அகலப் பாதையாகப் போடப்பட்ட இவ்வழி 1870-களில் மீட்டர் பாதையாகி, இந்த நூற்றாண்டில் மறுபடியும் அகலப் பாதையாகியிருப்பதால், ஒவ்வொரு முறையும் பழைய தண்டவாளமும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு ஏலத்தில் போயின. தெருக்களில் வேலிக்கால்களாகவும் கொட்டகைத் தூண்களாகவும் நிற்கும் தண்டவாளத் துண்டுகள் அனைத்தையும் பட்டறையின் எச்சங்களாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வலியுறுத்தினர். ஏலத்தில் போன தண்டவாளம் எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், அவற்றைத் தனிப் பிரிவில் மட்டுமே குறித்திருக்கிறேன். ஆர்வத்தால் நீளும் பட்டியலைவிட, நாளை ஒருவர் கேள்வி கேட்டாலும் நிற்கக்கூடிய சிறிய பட்டியலே நமக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

நாங்கள் பார்த்தவற்றுள் ஐயத்துக்கு இடமில்லாத பொருள், பொன்மலைக்குக் குடிபெயர்ந்த ஒரு தொழிலாளியின் குடும்பத்தார் வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்த பித்தளை வில்லைதான். மேல் விளிம்பில் ஆணியில் மாட்டுவதற்கு ஒரு துளை, நடுவில் உளியால் அடித்த எண், அதன்மேல் பாதி தேய்ந்துபோன கம்பெனியின் முதலெழுத்துகள் ஆகியவை அதில் உள்ளன. சங்கு ஊதி வாயில் அடைபடுவதற்குள் இந்த வில்லையை எடுத்து உரிய பலகையில் மாட்டினால்தான் அன்றைய வருகை பதிவாகும். குடும்பத்தார் அதைக் கொடுக்க விரும்பவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. புகைப்படமும் அளவுகளும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பட்டறை பொன்மலைக்கு மாறியது என்று ஒரே வரியில் எழுதிவிடும் வழக்கத்தை நம் வெளியீடுகளிலாவது கைவிட வேண்டுகிறேன். நாகை, போத்தனூர், திருச்சி ஆகிய ஊர்களின் பட்டறை வேலைகளைப் பொன்மலையில் ஒருங்கே குவிக்கும் திட்டத்தோடு ஆட்குறைப்பும், தொழில் தேர்வு என்ற பெயரில் பழைய தொழிலாளர்களைச் சோதித்துக் கழிக்கும் ஏற்பாடும் சேர்ந்தே வந்தன. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் பரவிய வேலைநிறுத்தத்துக்கு இவையே காரணங்கள். அதனை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றனர். வேலைநிறுத்தம் தோற்றது. போக இயன்றவர்கள் பொன்மலைக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். கழிக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நாகையின் பழைய குடும்பங்களிடம்தான் கேட்டறிய வேண்டும். அந்த நேர்காணல்களை இப்போதே தொடங்காவிட்டால், பேரப்பிள்ளைகளின் தலைமுறையும் கைநழுவிவிடும்.

நாகை ரயிலடியில் ஒரு தகவல் பலகை வைக்க அனுமதி கேட்டு உரிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கும், நினைவூட்டலுக்கும் இதுவரை பதில் வரவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். சந்தா நிலுவை வைத்துள்ள உறுப்பினர்கள் இக்கூட்டம் முடிவதற்குள் செலுத்திவிட்டால், ஒலிப்பதிவுக் கருவி வாங்கும் தீர்மானத்தை இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்