சுவருக்குள் மறைந்த வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் மின்சார வரலாற்றை எழுதுவோர் 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமையும் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தையும், மிஞ்சினால் 1957இல் மின்வாரியம் அமைந்ததையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். மீட்டர் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோன ஒப்பந்ததாரரும் வயர்மேனும் அதில் வருவதில்லை.

நான் வயரிங் வேலைக்கு உதவியாளாகச் சேர்ந்த எழுபதுகளில், வயரை மரக் காடிக்குள் வைத்து மரப்பட்டையால் மூடும் கேசிங் கேப்பிங் முறை பழைய வீடுகளில் மட்டுமே இருந்தது. நாங்கள் செய்தது ரீப்பர் வயரிங், அதாவது சுவர்மேல் மெல்லிய மரச்சட்டம் அறைந்து வயரை அதில் ஓட்டும் முறை. நீலம் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டில் துளையிட்டு, மரக்கட்டை இறுக்கி, தேக்கு ரீப்பரை அறைந்து, அதன்மேல் கிளிப்புகளால் வயரைப் பிடிக்க வேண்டும். கோடு கோணினால் வீட்டுக்காரரே விரல் நீட்டிக் காட்டுவார். வேலை கண்ணுக்குத் தெரிந்ததால் ஏமாற்ற இடம் குறைவு. (ரீப்பரின் மேல் பல்லி ஓடுகிறது என்று குறைப்பட்டவர்களும் உண்டு.)

உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், வயரிங் வேலையைச் செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி சொன்னது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பின் வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. ஆனால் பி.வி.சி. பைப்பைச் சுவரில் காடி வெட்டிப் பதித்துப் பூசிவிடும் முறை வந்தபின், உள்ளே நடந்ததற்கு வயரிங்கைச் சோதித்ததாக ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டுத் தரும் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றே சாட்சியாயிற்று. கையெழுத்துக்கு மதிப்பு கூடவேண்டிய அந்தக் காலத்தில்தான் அது விலைக்குக் கிடைக்கும் பொருளானது.

புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில் சுவர் சுடுகிறது என்று அழைத்தார்கள். பூச்சை உடைத்துப் பார்த்தால், பைப்பின் நடுவே இரண்டு வயர்களை முறுக்கி, மின்காப்பு டேப்புக்குப் பதிலாக காகிதம் ஒட்டும் செலோடேப் சுற்றியிருந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டவரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, அந்தத் தெருவுக்கே தாம் போனதில்லை என்றார்.

எனவே, புதிய இணைப்பு கேட்கும் ஒவ்வொரு வீட்டிலும் பைப் செல்லும் வழியைக் காட்டும் வரைபடத்தையும், பூசுவதற்கு முன் எடுத்த புகைப்படங்களையும் ஒப்பந்ததாரரின் உரிம எண்ணுடன் உரிமையாளரிடம் ஒப்படைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் ஒப்பந்ததாரர்,
சென்னை.