25 மில்லிமீட்டர் என்று அச்சிட்டு 1 அங்குல சாஃப்ட் அனுப்பிய எஞ்சின் கம்பெனிக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
ஒரு தென்னை விவசாயி,
திட்டுவிளை அருகில், தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 13 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினின் சாஃப்ட் அளவு கையேட்டில் தவறாக இருப்பதும், அதனால் எஞ்சின் கெட்ட பிறகு உத்தரவாதம் மறுக்கப்பட்டதும் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் உங்கள் 389 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு நாகர்கோவில் டீலரிடம் முன்பணம் கட்டினேன். மே கடைசியில் எஞ்சின் கைக்கு வந்தது. ஜூலையில் அதன் கிராங்க் சாஃப்ட் (எஞ்சினின் சுழல் தண்டு, வெளியே நீட்டும் அதன் நுனியில்தான் புல்லி ஏறும்) கெட்டுப்போனது. மொத்தமாக ஓடியது 11 மணி நேரம்தான். ஒவ்வொரு முறை ஓட்டிய நேரத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உத்தரவாதம் கிடையாது என்று உங்கள் சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிட்டதால், நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் எங்கள் விளையில் (தோப்பில்) பாதித் தென்னைக்கு மேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு 25 அடிக்கு 25 அடி கணக்கில் புதிதாக நட்டோம். பழைய மரங்கள் நின்றபோது நிழல் இருந்தது, புல்லும் அடங்கி இருந்தது. இப்போது வெயில் நேராகத் தரையில் விழுகிறது. ஜூன் மாத இடவப்பாதி மழை பெய்து பத்து நாளில் முழங்கால் அளவு புல். ஐப்பசி மழைக்கு மறுபடியும் அதே கதை. தோளில் மாட்டும் புல்வெட்டி மெஷினோடு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், அவர் விளையின் ஒரு மூலையை வெட்டி மறுமூலைக்குப் போவதற்குள் முதல் மூலையில் மறுபடி முளைத்துவிடும்.

எங்களிடம் அப்பா வாங்கிய மகிந்திரா பி-275 டிராக்டர் இருக்கிறது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து 1963-இல் மகிந்திரா தயாரிக்கத் தொடங்கிய அதே வகை. இந்த வயதிலும் ஏலாவில் (வயலில்) இறங்கி உழுகிறது. அதற்குப் பின்னால் புல் வெட்டும் கருவி ஒன்று நாமே செய்தால் என்ன என்று யோசித்தேன்.

டிராக்டரில் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிக்கு விசை தரும் சுழல் தண்டு) இருக்கும்போது தனி எஞ்சின் எதற்கு என்று உங்கள் ஆட்களே கேட்டார்கள். காரணம் இருக்கிறது. என் டிராக்டர் ஒற்றை கிளட்ச். கிளட்சை மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ.வுக்கும் எஞ்சின் விசை நின்றுவிடும். ஆனால் கனமான கத்தி உருளை உடனே நிற்காது. அது சுற்றுகிற வேகம் கியர்பாக்ஸ் வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். தென்னங்கன்றுகளுக்கு நடுவே, வாய்க்கால் கரையோரம், கிளட்சை மிதித்த பிறகும் வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன் கப்ளிங் போட்டால் தள்ளுவது நிற்கும். அப்புறமும், கன்றுக்குக் கன்று மெதுவாக வளைத்து ஓட்ட வேண்டிய இடத்தில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கத்தியின் வேகம் விழும். பி.டி.ஓ. தண்டின் பற்களும் (ஸ்ப்ளைன்) தேய்ந்திருக்கின்றன. தனி எஞ்சின் இருந்தால் டிராக்டர் நடக்கிற நடையில் நடக்கட்டும், கத்தி தன் வேகத்தில் சுற்றட்டும் என்று விடலாம். அதற்காகத்தான் உங்கள் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன்.

எஞ்சின் வர இரண்டு மாதம் ஆகும் என்றார் டீலர். சும்மா இருக்காமல் கருவியைச் செய்யத் தொடங்கினேன். சேனலில் சட்டம் அடித்து, டிராக்டர் பின்னாலுள்ள மூன்று முனை இணைப்பில் மாட்டும்படி பின்கள் வைத்தேன். தடித்த பைப்பில் காது பற்றவைத்து, ஊசல்போல் ஆடும் கத்திகளைத் தொங்கவிட்டேன். நிலையான கத்தி என்றால் கல்லிலோ மட்டையிலோ பட்டதும் உடையும். தொங்கும் கத்தி மடங்கி விலகிக்கொள்ளும். உருளையை இரண்டு ஆங்கிள்மேல் வைத்து மெல்ல உருட்டி, கனமான பக்கம் கீழே வந்து நிற்பதைப் பார்த்து, எதிர்ப்பக்கம் சிறுசிறு துண்டுகளைப் பற்றவைத்து எடையைச் சமன் செய்தோம். இதற்கே மூன்று நாள். எஞ்சினை அணைக்கும் வயரை டிராக்டர் சீட் வரைக்கும் இழுத்தேன். பெல்ட்டுக்கு 3 மில்லி தகட்டில் மூடி.

எஞ்சின் பக்கம் 4 அங்குல புல்லி, உருளைப் பக்கம் 5 அங்குலம், இரண்டு பி செக்‌ஷன் பெல்ட். எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடினால் உருளை 2,880 சுற்று. கத்தி நுனிக்கு நுனி ஓரடி விட்டம் என்பதால், நுனியின் வேகம் நொடிக்கு 45 மீட்டருக்கு மேல். மணிக்குக் கணக்குப் போட்டால் 160 கிலோமீட்டருக்கும் அதிகம். இவ்வளவு கணக்கையும் எழுதுவதற்குக் காரணம், நான் விளையாட்டாக எதையும் கட்டவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் புல்லியின் துளைக்கு உங்கள் கையேட்டைத்தான் நம்பினேன். அதில் வெளிச் சாஃப்ட் விட்டம் 25 மில்லி, கீ (புல்லியையும் சாஃப்டையும் சேர்த்துப் பூட்டும் சாவித் துண்டு) அகலம் 8 மில்லி என்று படத்தோடு தெளிவாகப் போட்டிருக்கிறது. கோட்டாற்றில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டி, வார்ப்பிரும்புப் புல்லியில் 25 மில்லி துளை (போர்) அடித்து, கீ உட்காரும் 8 மில்லி பள்ளம் (கீ-வே) வெட்டி வாங்கினேன்.

எஞ்சின் வந்தது. புல்லி ஏறவில்லை. ஓரத்தில் பிசிறு (பர்) இருக்கும் என்று எமரித் தாள் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. எஞ்சினோடு பட்டறைக்கே போனேன். அண்ணாச்சி அளவு பார்க்கும் வெர்னியரை வைத்த உடனே சொன்னார்: "மக்கா, இது மில்லி இல்ல கேட்டியா, இஞ்சு சாஃப்டாக்கும்." 25.4 மில்லி, அதாவது சரியாக 1 அங்குலம். கீ-வே கால் அங்குலம். சாஃப்ட் நுனியில் இருக்கும் மரையும் கையேட்டில் சொன்ன மில்லி போல்ட்டை ஏற்கவில்லை, 3/8 அங்குல மரை. விட்டத்தில் வித்தியாசம் 0.4 மில்லி, ஒரு நூலில் (அரைக்கால் அங்குலத்தில்) எட்டில் ஒரு பங்கு. கேட்பவருக்கு இது ஒன்றுமில்லாத அளவாகத் தெரியலாம். சாஃப்டில் புல்லி ஏற்றுகிறவனுக்கு இதுதான் எல்லாம்.

அன்றைக்கே பட்டறையில் நின்றபடி உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேசியவர், "ஏற்றுமதிக்கு வைத்திருந்த சாஃப்ட் சில எஞ்சின்களில் வந்திருக்கிறது" என்று தாமாகவே ஒத்துக்கொண்டார். எஞ்சினை மாற்றித் தரச் சொன்னேன். அதற்கு மறுபடி இரண்டு மாதம் ஆகும் என்றார். "புல்லித் துளையை ஓர் அங்குலமாக அடித்துவிடுங்கள், கீழே கால் அங்குலம் மேலே 8 மில்லியாகப் படி வைத்த கீ ஒன்று போடுங்கள், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்று அவர்தான் யோசனை சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அண்ணாச்சியும் கேட்டார். அவருக்கு அதில் மனமில்லை. புதுப் புல்லியே செய்துவிடலாம் என்றார். மழை தொடங்கிவிட்ட அவசரம் எனக்கு. அதைவிட, எஞ்சினைச் செய்த கம்பெனியே சொல்கிறதே என்று நம்பினேன்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என்று, 3,600 சுற்றில் நிமிடத்துக்கு 1,800 முறை வெடிக்கிறது. அத்தனை முறையும் அந்தச் சாவியில் ஓர் அடி விழுகிறது. படி வைத்த சாவி மெதுவாக ஆடத் தொடங்கியிருக்க வேண்டும். மூடிக்குள் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஜூலை இரண்டாம் வாரம், பாதி விளை வெட்டி முடித்த நேரத்தில் பெரிய சத்தம். உடனே சீட்டில் இருந்த சுவிட்சை அடித்து எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் பார்த்தால் புல்லி கீ-வே மூலையிலிருந்து விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு துண்டு பெல்ட் மூடியில் அடித்து, தகடு வெளியே புடைத்து நின்றது. அந்த மூடி இல்லாமல் இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். கால் மணி நேரம் முன்புதான் என் தம்பி மகன் அந்தப் பக்கம் நின்று மட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

சாஃப்டின் கீ-வே வாய் அகன்று, ஓரம் நசுங்கிக் கிடக்கிறது. இனி அதில் எந்தப் புல்லியும் இறுக்கமாக நிற்காது. கிராங்க் சாஃப்டை மாற்ற வேண்டும் என்றால் எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். ஒரு வாரம் கழித்து, "வீட்டில் செய்த கருவியில் பொருத்தியதாலும், அளவு மாற்றிய புல்லியைப் பயன்படுத்தியதாலும் உத்தரவாதம் பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்தார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே விவசாயக் கருவிகள் எதற்கும் பொருத்தலாம் என்று இருக்கிறது. டீலர் தந்த பில்லில் "புல்வெட்டும் கருவிக்கு" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். புல்லியின் அளவை மாற்றச் சொன்னதும் உங்கள் சர்வீஸ் சென்டர்தான். தனி எஞ்சினை வாங்குகிறவர்கள் அதை எதிலாவது பொருத்தத்தானே வாங்குகிறார்கள்? தண்ணீர் பம்ப், கதிரடிக்கும் மெஷின், மிட்டாய்க் கடைக் கிரைண்டர் என்று எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பாதி வேலை இதுதான். இவர்கள் எல்லாரும் உங்கள் கையேட்டைப் பார்த்துத்தான் இரும்பை வெட்டுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. கையேட்டில் சொன்ன 25 மில்லி சாஃப்டோடு வேறு எஞ்சின் தர வேண்டும், அல்லது கிராங்க் சாஃப்டை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். 1 அங்குலச் சாஃப்ட்தான் தருவீர்கள் என்றாலும் சரி, அதற்குப் பொருந்தும் புல்லி செய்யும் கூலியையாவது ஏற்க வேண்டும். பழைய புல்லிக்கும் பெல்ட்டுக்கும் ஆன செலவின் ரசீதுகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் எஞ்சினைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. அங்குலச் சாஃப்ட் எந்தெந்த எஞ்சின்களில் போனது என்பது எஞ்சின் எண்ணை வைத்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை வாங்கியவர்களை உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். படி வைத்த கீ போடச் சொல்லும் யோசனையை உங்கள் சர்வீஸ் சென்டர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும். எல்லாருடைய பெல்ட்டுக்கும் 3 மில்லி மூடி இருக்காது. மூடியே போடாமல் பம்ப் ஓட்டுகிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதுவரைக்கும் போகாமல் முடித்துக்கொள்ளத்தான் எனக்கு விருப்பம். எஞ்சின் நன்றாக ஓடியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, அந்த 11 மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தானாக நின்றதில்லை.

உடைந்த புல்லி, படி வைத்த கீ, புடைத்த மூடி எல்லாம் அண்ணாச்சியின் பட்டறையில் அப்படியே இருக்கின்றன. உங்கள் பொறியாளர் வந்தால் வெர்னியரோடு வரச் சொல்லுங்கள், நானும் கூட இருந்து காட்டுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது. விளையில் பாதிப் புல் இன்னும் வெட்டாமல் நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்